உருக்கிய பவுன்

என் அக்காவின் மகன் திலக்சன் ஒஸ்லோவில் உலோகத்தின் தோலுக்கு எவ்வளவு பலம் என்று கணக்குப் பார்க்கிறவன். மேற்பரப்பு ஆற்றல் என்று அதற்குப் பெரிய பெயர். அதே கட்டடத்தில் நான் நிலம் துடைக்கிறேன். மெல்லிய பொன் கம்பிகளில் சின்ன எடைகளைக் கட்டி, உருகாத அளவுக்கு உலையில் சூடாக்குவான். பாரம் கூடினால் கம்பி நீளும். குறைந்தால் அதன் தோலே இழுத்துச் சுருக்கும். இரண்டும் இல்லாமல் நிற்கிற எடைதான் விடையாம். இதற்குச் சம்பளம் வேறு.

கம்பி முடிந்துபோக, இந்த மேதை தன் கலியாணத் தாலிக்கென்று சடங்காகப் பொன்னுருக்கிய பவுன் காசில் ஒரு கிராம் நறுக்கிக் கம்பியாக்கினான். மிச்சம் தாலி செய்யப் பத்தரிடம் போனது. நான் மூன்று வருடம் அலைந்து பேசிய கலியாணம்.

“பொன்னுருக்கினால் பாதிக் கலியாணம் முடிஞ்ச மாதிரியடா. அதிலை கை வைக்கிறியே, விசரா?”

“தங்கம் தங்கம்தானே, மாமா.”

அந்தக் கம்பி சுருங்கியது. எடையைக் கூட்டினான், இன்னும் சுருங்கியது. ஐந்தாம் நாள் கம்பி இல்லை. உலைக்குள் உருக்காத முழுப் பவுன் காசு கிடந்தது, இங்கிலாந்து ராணியின் தலையோடு. தராசில் வைத்தான். எட்டுக் கிராம்.

மறுபடி பொன்னுருக்க நாள் பார்க்கலாமா என்று கேட்க, இதே ஒஸ்லோவில் ரொம்சோஸ் பக்கம் இருக்கிற பெண்ணின் தகப்பன் இரத்தினவேலுக்கு நான்தான் போன் எடுத்தேன். என் பெயரையும் திலக்சன் பெயரையும் சொன்னேன்.

“எந்தக் கலியாணம், அண்ணை? நம்பர் மாறி எடுத்திட்டியள் போலை” என்றார், மரியாதையாகவே.

படித்தவன் பவுனைத் திரும்பவும் தராசில் வைத்துக்கொண்டிருந்தான்.