பொம்மை போனில் சொன்னது

"நீங்க என்ன கதை எழுதினாலும் எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம், ஆனா அது குழந்தை காதுல விழலாமா?" என்றார் தலைமையாசிரியை.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

இடுப்பில் ஒன்றரை வயது இளையவள், எச்சில் ஒழுக அவள் தோள்துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மழலையர் பள்ளியின் அந்த அறையில் பெரியவர்கள் உட்காரக்கூடிய நாற்காலி ஒன்றுதான். அதில் தலைமையாசிரியை இருந்தார். இவளுக்கு வாய்த்தது பிள்ளைகளின் மஞ்சள் முக்காலி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது.

மேசைமேல் ஒரு புகார்க் கடிதம். அடியில் ஆறு தாய்மார்களின் கையெழுத்து.

ஐந்து வயது மூத்தவள் விளையாட்டு நேரத்தில் பொம்மை போனைக் காதில் வைத்துக்கொண்டு காதல் வசனம் பேசுகிறாளாம். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, குரலைத் தழைத்து, கொஞ்சிக் கொஞ்சி. மற்ற பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் போய்ப் பேசுகிறார்களாம்.

காதல் நாவல் எழுதுகிறவள் வீட்டுப் பிள்ளை வேறெப்படி இருக்கும் என்று கடிதத்தின் கடைசி வரி கேட்டிருந்தது.

இந்தப் பேச்சை அவள் எத்தனை இடத்தில்தான் கேட்பாள்! தடுப்பூசி போடப் போனால் நர்ஸ் கண்ணடிக்கிறாள். லிஃப்டில் மேல்வீட்டுக்காரர் "எல்லாம் சொந்த அனுபவமா?" என்று இளிக்கிறார்.

இதே பள்ளியில்தான் துப்பறியும் கதை எழுதுபவரின் மகளும் படிக்கிறாள். அத்தியாயத்துக்கு ஒரு கொலை செய்கிற மனிதர். அந்தப் பெண் யாரையாவது குத்திவிடுவாளோ என்று ஒருத்தரும் கடிதம் எழுதவில்லை. ஆண்டு விழா மேடையில் அவருக்கு மாலை போட்டு உட்கார வைத்தார்கள்.

இத்தனைக்கும் ஒரு நாளில் அவள் எழுதுவது ஒரே ஒரு மணி நேரம்.

மாலை ஐந்து மணிக்குக் கணவன் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புவான். தூறல் போட்டாலும் குடையோடு போவான். ஆறு மணிக்குத்தான் திரும்புவான். மூத்தவள் பிறந்த பிறகு வந்த நான்கு நாவல்களும் அந்த ஒரு மணி நேரத்தில் எழுதியவை. கொடுத்து வைத்தவள் என்று தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். கடைசி நாவலை அவனுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருந்தாள்.

இந்த வாரம் அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. இளையவளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல்; மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறாள். கதாநாயகன் மூன்று நாளாக மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறான். அப்போதும் மூத்தவளைக் கணவன் ஒருநாள் தவறாமல் கூட்டிப்போனான்.

மூத்தவளுக்கு எழுத்துக் கூட்டவே இன்னும் வராது. கையெழுத்துப் பிரதி பூட்டிய இழுப்பறையில் கிடக்கிறது. தான் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் வீட்டில் வாய்விட்டுப் படித்ததில்லை. பிறகு எப்படி?

"என்ன வசனம்னு சொல்லுங்க. அது என் புத்தகத்துல இருந்தா, எந்தப் பக்கம்னு நானே காட்டறேன். இல்லேன்னா அந்த ஆறு பேரும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

குரல் நடைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தம் போட்டாள்.

தலைமையாசிரியை வகுப்பு ஆசிரியையின் குறிப்பேட்டைப் பிரித்து, வருகைப் பதிவு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"'சாப்பிட்டியா செல்லம்? அவ எழுத உக்காந்துட்டா. ஆறு மணி வரைக்கும் நான் உனக்குத்தான்.'"

அவள் மனதுக்குள் நான்கு நாவல்களையும் புரட்டினாள்.

இல்லை. அவளுடைய கதாநாயகர்கள் பக்கம் பக்கமாக உருகுவார்கள். சாப்பிட்டியா என்று ஒருவனும் கேட்டதில்லை. இவ்வளவு சாதாரணமாக, இவ்வளவு நிஜமாக ஒரு வரி அவளுக்கு எழுத வந்ததே இல்லை.

எழுத உட்கார்ந்துவிட்ட அந்த 'அவ' யார் என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

இளையவள் ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டினாள். தலைமையாசிரியை புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். இது என் வரி இல்லை என்று சொன்னால் போதும். யாருடையது என்பதை ஆறு வீட்டிலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நாளைக் காலை மூத்தவள் இதே வகுப்புக்குத்தான் வரவேண்டும்.

"என்னோடதுதான்," என்றாள். "புதுசா எழுதிட்டு இருக்கறது. இன்னும் அச்சுக்குப் போகல."

தலைமையாசிரியைக்கு நிம்மதி. இனிமேல் வீட்டில் கவனமாக இருப்பேன் என்று இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்ட இடத்தில் பேனா தாளைக் கிழித்தது.

அதை வாங்கி வைத்தவர், கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தார்.

"சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். இதுல கதாநாயகி யாரு? போன்ல இருக்கறவளா, எழுதறவளா?"

அவள் முக்காலியைவிட்டு எழுந்தாள். இளையவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதை இன்னைக்கு முடிவு பண்ணிடறேன்," என்றாள்.