பத்து நிமிடக் கடல்

கடலைப் பத்து நிமிடம் பார்க்க அன்று அறுநூறு ரூபாய். கடற்கரைச் சாலையில் வண்டி நிற்கும் இடத்தை நிமிடக் கணக்கில்தான் விற்கிறார்கள். நேரம் முடிந்தால் வண்டி தானே கிளம்பிவிடும். என்னிடம் இருபது நிமிடம் இருந்தது.

பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். "அண்ணாச்சி, எங்க நேரம் முடியப்போவுது. அப்பாவுக்கு இன்னைக்கு ஆபரேசன், தாங்குவாரான்னு தெரியல. நடக்கவும் முடியாது. சூரியன் உதிக்கிறதப் பாக்கணும்ங்கிறாரு. பத்து நிமிசம் குடுங்க, அறுநூறு தாரேன்."

சும்மாவே கொடுத்திருக்கலாம். கேட்ட விலைக்குத் தலையாட்டிப் பழகாத என் கடைக்கார வாய், "எழுநூத்தம்பது" என்றது.

"அறுநூத்தம்பது?"

"எழுநூறுன்னா பாப்போம்மா."

அவள் சரி சொல்வதற்குள் அவர்கள் வண்டி நகர்ந்தது. உள்ளே பெரியவர் கழுத்தைத் திருப்பிக் கடலைத் தேடினார். அவள் பின்னால் ஓடினாள்.

சூரியன் வந்தது. நான் நிமிரவில்லை. கிளம்பும்போது வண்டியின் திரை கணக்குக் காட்டியது: வாங்கியது இருபது நிமிடம், கழிந்தது இருபது நிமிடம், பாக்கி ஏதுமில்லை.