தூசிதான் காரணம்

“குத்துக்கல் மாதிரி நான் ஒருத்தன் வீட்டுல உட்கார்ந்திருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்காம மெக்கானிக்கை வரச் சொன்னியாம்மா?”

மாமனார் ‘அம்மா’ சேர்த்துப் பேசினால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

“தப்பா நினைக்காதீங்க மாமா. மூணு மணிக்குள்ள அறுபது பக்க மொழிபெயர்ப்பை அனுப்பியாகணும். கம்ப்யூட்டர் அரை மணிக்கொரு தரம் சூடாகி அப்படியே நின்னுடுது. ஏற்கெனவே ரெண்டு தடவை தவணை தவறிட்டேன். இன்னைக்கும் தவறினா இனிமே வேலையே தர மாட்டாங்க” என்றாள் மருமகள்.

“நிக்காம என்ன செய்யும்? வேலை பார்க்கும்போது பாட்டு வேற கேட்கணுமா?”

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காத பொருள் கிடையாது. திரும்ப மாட்டும்போது இரண்டு ஸ்குரூ மிஞ்சாத பொருளும் கிடையாது. “அது கம்பெனிக்காரன் அதிகப்படியா போட்டதுடீ” என்று மனைவிக்கு விளக்கம் வேறு.

பத்து நாளைக்கு முன்னால் மருமகள் “லேசா சூடாகுது மாமா” என்றதும் கடைக்கு ஓடிப்போய்ப் புது கூலிங் ஃபேன் வாங்கிவந்து தானே மாட்டினார். அன்றிலிருந்துதான் சூடு இரட்டிப்பானது. ஆனாலும் குற்றவாளி மருமகள்தான் என்று தீர்ப்பு எழுதி, பக்கத்து வீடு வரைக்கும் படித்தும் காட்டிவிட்டார்.

மெக்கானிக் வந்தார். டார்ச்சும் கையுமாக மாமனார் அவர் தோளை ஒட்டி நின்றார்.

“ஃபேனை மட்டும் தொடாதீங்க தம்பி. அது நானே மாட்டினது.”

மெக்கானிக் முதலில் தொட்டதே அதைத்தான்.

ஃபேனைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்து உலோகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் சிவப்பாக, பெரிசாக, ‘மாட்டும் முன் இதை உரித்துவிடவும்.’

கம்பளியைப் போர்த்திவிட்டு விசிறியிருக்கிறார்!

மாமனார் மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். ‘சூப்பர்வைசராம், பெரிய சூப்பர்வைசர்! எழுதப் படிக்கத் தெரியுமாடா உனக்கு?’

“என்ன, கண்டுபிடிச்சாச்சா?” கூடத்திலிருந்து மனைவியின் குரல். இது மட்டும் அவள் காதில் விழுந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மெக்கானிக் தாளை உரித்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தூசிம்மா! ஒரே தூசி!”

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருந்ததா?

“பார்த்தியா? வாரத்துக்கொரு தரம் துடைச்சிருந்தா இந்த வினை வருமா?” என்று மருமகள் மேல் பாய்ந்தார்.

“சரி மாமா, இனிமே துடைக்கிறேன்” என்றாள் அவள்.

சூட்டைக் கடத்தும் பசையைப் புதுசாகத் தடவி ஃபேனை மாட்டியதும், மெக்கானிக் கூடவே இருந்து பார்க்க, கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. மருமகள் மிச்சப் பக்கங்களை முடித்து அனுப்பியும்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க மாமனாருக்குக் கூசியது. மெக்கானிக்கை வழியனுப்பும் சாக்கில் வாசல் வரை போனார்.

“தம்பி, நீங்க பெரிய மனுஷன். என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க.”

“ஐயோ, நான் இல்ல சார். உங்க மருமக காலையில போன்லயே சொல்லிட்டாங்க. ‘மாமா எனக்காக ஆசை ஆசையா மாட்டின ஃபேன். அடியில இருக்கிற தாளை உரிக்காம விட்டுட்டாரோன்னு தோணுது. அப்படி இருந்தா சத்தமில்லாம எடுத்துட்டுத் தூசின்னு சொல்லிடுங்க. துடைக்கலைன்னு என்னைத்தான் திட்டுவார், பரவாயில்லை, எனக்குப் பழகிடுச்சு’ன்னாங்க.”