குற்றாலத் தண்ணி குடிச்ச உடம்பு

"பொண்ணோட அப்பா எதுல தவறினாரு?"

உட்கார்ந்ததும் ஆனந்தவள்ளி கேட்ட முதல் கேள்வி அதுதான். குற்றாலத்திலிருந்து மகன் சந்தோஷ்குமாருக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள். மகன் போலீஸில் எஸ்.ஐ. கூடவே அந்த மகனும், அவளுடைய தம்பி குற்றாலிங்கமும்.

"சுகர்தான் மதினி" என்றாள் பெண்ணின் தாய் ஆவுடைத்தாய். "கால்ல புண்ணு வந்து, கிட்னி போயி, அறுபத்திரெண்டுல போயிட்டாரு."

"சொந்த ஊரு?"

"திருவேங்கடம். கல்யாணமாகித்தான் தென்காசிக்கு வந்தோம்."

"அதானே பாத்தேன். காஞ்ச சீமை. எங்க பக்கம் சுகர்ங்கிற பேச்சே கிடையாது. குற்றாலத் தண்ணி குடிச்ச உடம்புல்லா!"

"எங்க அப்பாவையே எடுத்துக்கோங்க" என்றார் குற்றாலிங்கம். "கால்ல ஒரு முள்ளு குத்துச்சு. ஆறவே இல்ல. முட்டு வரைக்கும் எடுத்தாங்க. காய்ச்சல் கண்டு போயிட்டாரு. எல்லாம் அந்த முள்ளால வந்தது."

"எங்க வீட்டுக்காரருக்கு அப்ப நாப்பத்தொம்பது வயசு" என்றாள் ஆனந்தவள்ளி. "படுத்தவரு தூக்கத்துலேயே போயிட்டாரு, புண்ணியவான். கண்ணு கொஞ்சம் மங்கலு. தினம் ரெண்டு மாத்திரை போடுவாரு, சத்து மாத்திரை."

கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போன பெண் நிவேதா, காப்பித் தட்டோடு வந்தாள்.

"ஆஸ்பத்திரியில என்னம்மா வேலை?"

"ஆய்க்குடியில அத்தை. மத்தியானத்துக்கு மேல குற்றாலம் வரைக்கும் துட்டி வீடுகளுக்குப் போயி, எதுல செத்தாங்கன்னு கேட்டு நோட்டுல எழுதணும்."

"எங்க பக்கம் சுகர்ல செத்ததா எத்தனை எழுதியிருக்கே?"

"ஒண்ணுகூட இல்ல அத்தை. சாவுதான் வருஷா வருஷம் கூடுது."

"கேட்டியாடா!" ஆனந்தவள்ளி தம்பியின் தொடையில் தட்டினாள்.

சந்தோஷ்குமார் காப்பியை ஒரு வாய் குடித்தான். சட்டென்று நிவேதாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னலே, முகம் ஒரு மாதிரி போவுது?" ஆனந்தவள்ளி அவன் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். "சீனியே இல்ல! ஏட்டி, எங்களுக்கெல்லாம் பாகாட்டம் இருக்கு, மாப்பிள்ளைக்கு மட்டும் சீனி போடாத காப்பியா?"

நிவேதா அவனைப் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மறந்துட்டேன் அத்தை."

"அப்பனுக்குச் சுகரு, மகளுக்கு மறதி. எந்திலே போவோம்."

அவன் எழுந்து, அம்மாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"ஒரு ஸ்பூன் சீனியில கெடுத்தியேட்டி!" என்று ஆவுடைத்தாய் அழுதாள். நிவேதா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆய்க்குடி ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை கொடுக்கிற ஜன்னல். உள்ளே நிவேதா.

"அடுத்து, கடற்கரை!"

மாஸ்க்கும் தொப்பியுமாக ஒருவன் வந்தான். இரண்டு வருஷமாக அந்தப் பெயரில் வருகிறவன். மாஸ்க்கைக் கழற்றியதே இல்லை. ஆனால் புருவத்தில் உள்ள வெட்டுத் தழும்பை மாஸ்க் மறைக்காது.

சந்தோஷ்குமார் ஜன்னலுக்குள் குனிந்தான்.

"அன்னைக்கு என்னைக் காட்டிக் குடுக்காததுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

"இங்கன பாக்குறதை வெளியில சொல்லக் கூடாது சார். போன வாரம் உங்களுக்கு நானூத்திப் பத்து. டாக்டர் ஊசி போடச் சொன்னாரு, நீங்க போடல."

"ஊசின்னா வீட்டுல தெரிஞ்சிரும்லா?" குரலைத் தாழ்த்தினான். "இருந்தாலும், நீங்க ஒரு ஸ்பூன் சீனி போட்டிருந்தா அன்னைக்கே தாம்பூலம் மாத்தியிருப்போம்."

நிவேதா மாத்திரை அட்டைகளை அவன் பக்கம் தள்ளினாள்.

"போட்டிருக்கலாம். அப்புறம் ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டு வாசலுக்கு நான்தான் வரணும். 'தூக்கத்துலேயே போயிட்டான், புண்ணியவான்'னு உங்கம்மா சொல்லுவாங்க."