சூசை வேகம்

"ஏன் சூசை, போன வாரம் டைல்ஸ் லாரி ஒட்டன்சத்திரத்துல தக்காளி வண்டிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அதுக்கு முந்தின வாரம் கொத்தனாரோட மச்சினனுக்குக் காது குத்து. இந்த வாரம் யாருக்கு என்ன குத்து?"

சுப்புராஜ் இப்படிக் கேட்டதும் காண்ட்ராக்டர் சூசை தலையைச் சொறிந்தார்.

"தச்சருக்குக் கண்ணு வலிண்ணே. அவரு வராம தரையைப் போட்டா வாசக்கால் கோவிச்சுக்கும்."

"வாசக்கால் கோவிக்கிறது தெரியுது. நாங்க கோவிச்சுக்கிட்டு எம்புட்டு நாளாச்சு, அது தெரியலையா?" என்றான் தம்பி பரணி.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி அவர்கள். ஒரே வீடு, ஒரே உலை. பிள்ளைகள் பெருகி, ராத்திரி படுத்தால் ஒருவர் கால் இன்னொருவர் கனவில் இடிக்கும் அளவுக்கு நெருக்கடியானபோதுதான், பரணிக்கென்று காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் இந்தப் புது வீட்டை ஆரம்பித்தார்கள். சுவர் எழுந்தது, மேல் தளம் அமைந்தது, வெள்ளையும் அடித்தாயிற்று. தரை மட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தது. ஜன்னலுக்கு மேலே முட்டையிட்ட புறா பேத்தியே எடுத்துவிட்டது. அந்தப் பக்கம் பஸ் தாமதமாக வந்தால்கூட, "சூசை வேகத்துல வருதுப்பா" என்றார்கள்.

"வர்ற வாரம் ஆடி பொறக்குது. அப்புறம் பால் காய்ச்ச முடியாது. அதுக்குள்ள முடிக்கலைன்னா வேற ஆளை வச்சு முடிச்சுக்குவோம்" என்றார் சுப்புராஜ்.

"வச்சுத்தான் பாப்போமேண்ணே" என்று பரணியும் சேர்ந்துகொண்டான்.

"பாக்குறேன்" என்றார் சூசை. எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

பைக் தெரு முனை தாண்டியதும், கொத்தனார் கண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"டைல்ஸ் பூராம் பின்னாடிதான அடுக்கியிருக்கு? தச்சர் இப்பத்தான் டீக்கடையில கண்ணு சிமிட்டிட்டுப் போறாரு. எதுக்குண்ணே பொய்யச் சொல்லி ஏச்சு வாங்குறீங்க?"

சூசை பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பேகம்பூர் நசீம் பானு. கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்போகிறவர். அந்த வேலை கிடைத்தால் சூசையின் ஆட்களுக்கு வருசம் முழுக்கக் கஞ்சிக்குக் கவலையில்லை.

"அந்த வீட்டை இந்த வாரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுங்க, எங்க வேலை உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தேன். இன்னும் தரையே போடலையாமே?"

சூசை போனை மறு காதுக்கு மாற்றினார்.

"இந்த வாரம் முடியாதும்மா. நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க."

"வந்த வேலையக் காலால எத்திட்டீங்களேண்ணே" என்றார் கண்ணன். "நாளைக்கு எங்கள எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் சூசை. கண்ணன் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

மறுபடியும் போன். பரணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சூசைண்ணே, அண்ணன் நிக்குதேன்னு கொஞ்சம் கூடுதலாத் திட்டிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஆடி பொறக்குற வரைக்கும் தரையில கை வைக்க மாட்டீங்கள்ல? எனக்கு வீடு கட்டித் தரணும்னு அண்ணனுக்கு ஆசை. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா நான் தனி உலை வச்சுட்டா அதுக்குச் சோறு எறங்காது. இதை அதுகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன் தம்பி" என்றார் சூசை.

"தரையைப் போட்டுராத சூசை. தனியா அனுப்பிட்டா தம்பிக்குச் சோறு எறங்காது. அவன்கிட்ட மட்டும் சொல்லிராதே" என்று போன மாதமே கையைப் பிடித்துக்கொண்ட சுப்புராஜுக்கும் அவர் இதே வாக்கைத்தான் கொடுத்திருந்தார். ஆக, அந்த வீடு முடிய வேண்டும் என்று மனசார ஆசைப்பட்ட ஒரே ஆள், அதை முடிக்காமல் வைத்திருந்த சூசைதான்.