விழுவதற்கு ஒரு ஆள்

"என்ட தம்பியத் தூக்கி அடிக்கிற தடியன் ஆரு?"

கரைத்தீவிலிருந்து பஸ்ஸேறி வந்த பளீலா, உளவளத்துணை நிலைய வாசலிலேயே சத்தம் போட்டார்.

"உக்காருங்க தாத்தா," என்று அக்கா முறை வைத்து அழைத்தார் ஆலோசகர் றிஷ்னா.

"உக்கார வரல்ல. தம்பி பதுர்தீன் தன்ட பிள்ளைக்குக் கைநீட்டினது பிழைதான், ஓம். கோபத்த அடக்க வழி காட்டுவீங்க எண்டு பார்த்தா, ஜூடோ எண்டு சொல்லி முதுகெல்லாம் கன்றிப்போக வச்சிருக்கீங்க. அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?"

"சிகிச்சை அவருக்கில்ல தாத்தா. விழுறதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டதும் அவராத்தான் வந்தார்."

"அப்ப என்ட தம்பி உங்களுக்குச் சும்மா கிடைச்ச பஞ்சு மூட்டையா? அந்தத் தடியனக் காட்டுங்க, நான் கேக்குறன்."

றிஷ்னா உள்ளறைக் கதவைத் திறந்தார்.

மெத்தையில் பதுர்தீன் மல்லாந்து கிடந்தார். அவரைக் காலைத் தட்டி வீழ்த்தியிருந்தவள் மகள் றிஸ்மியா. அவர் அறைந்த நாளிலிருந்து, அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து, அவரோடு ஒரு சொல்லும் பேசாதிருந்தவள்.

அவள் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து குனிந்தாள்.

"வாப்பா, நொந்திட்டா?"

பளீலாவுக்குக் கேட்க வந்தது மறந்து போயிற்று.

பதுர்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இல்ல மகள். இன்னொருக்கா விழுத்துங்க."