ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

முடக்குவாதத்தில் விரல்கள் வீங்கிப்போன செண்பகவல்லியின் மருந்துப் பெட்டிக்குள் இரண்டு மாத்திரை அட்டைகள் குடியிருந்தன. ஒன்று, தினமும் விழுங்கும் வலி மாத்திரை. மற்றது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுங்கும் மாத்திரை.

"ஆறு நாள் தூக்கம், ஒரு நாள் வேலை. கொடுத்து வச்சவர் அண்ணே நீங்க" என்று வலி மாத்திரை சீண்டியது. "என்னைப் பாருங்க, விழுங்கின ஒரு மணி நேரத்துல அம்மா எழுந்து நடமாடுறாங்க."

"வலி உன் பாடு தம்பி. அது கிளம்புற இடம் என் பாடு. அதுக்கு மூணு மாசம் ஆகும்" என்றது ஞாயிறு மாத்திரை.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அதற்கு உதறல். "இதனால ஒரு புண்ணியமும் இல்லை" என்று செண்பகவல்லி ஏழாம் வாரமே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். வேலை முடிவதற்குள் தூக்கி எறிந்துவிட்டால்?

அவள் எறியவில்லை. பன்னிரண்டாம் வாரம் வீக்கம் வடிந்தது. ஒரு காலை விரல்களை மடக்கிப் பார்த்தாள், மடங்கின. சப்பாத்திக்கு மாவைத் தானே பிசைந்தாள். ஞாயிறு மாத்திரைக்கு அட்டைக்குள் இருப்புக் கொள்ளவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தாள். "அதான் சரியாப் போச்சே, இனி இது எதுக்கு?" என்று ஞாயிறு மாத்திரையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். வலி மாத்திரையை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளேயே வைத்தாள்.

"மிச்சம் வைக்காம வேலை பார்த்தா இப்படித்தான் அண்ணே" என்றது வலி மாத்திரை. "நான் எப்பவும் சாயங்காலத்துக்குக் கொஞ்சம் விட்டு வைப்பேன்."